சென்னை ஜார்ஜ் டவுன்: வரலாறும் அமைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் டவுன் என்பது சென்னையின் எந்தப் பகுதி?

உயர் நீதிமன்ற வளாகத்துக்கு வடக்கே, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் தொடங்கி, பழைய சிறைச்சாலைச் சாலை என்று முன்பு அறியப்பட்ட இப்ராகிம் சாகிப் தெரு வரை நீளும் பகுதியே ஜார்ஜ் டவுன். கிழக்கே கடற்கரையை ஒட்டிய ராஜாஜி சாலையும், மேற்கே வால்டாக்ஸ் சாலையும் அதன் எல்லைகள். பூக்கடை, மண்ணடி, சௌகார்பேட்டை, ஏழுகிணறு, கொத்தவால் சாவடி ஆகியவை அனைத்தும் இந்த எல்லைக்குள் அடங்கியவை. நகரத்தின் மற்ற பகுதிகளில் வாழ்பவர்கள் ஜார்ஜ் டவுன் என்ற பெயரை அதிகம் சொல்வதில்லை. "பாரிஸ் போய் வாங்கி வந்தேன்" என்றுதான் சொல்வார்கள். போஸ் சாலையும் ராஜாஜி சாலையும் சந்திக்கும் முனையில் 1788இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வணிகர் 1803இல் வாங்கிய இடத்தில் அவருடைய நிறுவனம் நிலைகொண்டதால், அந்த முனைக்கு ஏற்பட்ட பெயர் மெல்ல மெல்ல முழுப் பேட்டைக்கும் பரவிவிட்டது. அந்த முனையில் இன்று நிற்கும் டேர் ஹவுஸ் கட்டடம் 1940இல் எழுந்தது.

கோட்டைக்கு வெளியே கம்பெனியார் காலத்தில் உருவான முதல் குடியிருப்பு இதுதானா?

இல்லை. ஜார்ஜ் டவுனைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் கடந்துபோகும் செய்தி இது. ஆனால் இதை அறியாமல் இந்தப் பேட்டையின் எந்தத் தெருவையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது.

1639 ஆகஸ்ட் 22 அன்று தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கரின் ஆட்சிக்கு உட்பட்ட கடலோர நிலத்தில் கோட்டை கட்டிக்கொள்ளக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு அனுமதி கிடைத்தது. 1640இல் கோட்டைப் பணி தொடங்கியதும், நெசவாளர்களும் சாயமிடுவோரும் துணி வெளுப்போரும் இடைத்தரகர்களும் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே குடியேறினர். கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகரம் என்றும், வெளியே இருந்த இந்தக் குடியிருப்பு கருப்பர் நகரம் என்றும் அழைக்கப்பட்டன. இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடத்தில்தான் அந்த முதல் நகரம் இருந்தது.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. மதிலுக்கு மிக அருகில் வீடுகள் இருந்தால் தாக்க வரும் படைக்கு அவை மறைவிடமாகும் என்பதை உணர்ந்து, கோட்டைக்கு அருகில் இருந்த வீடுகளை இடிக்கும் வேலையைப் பிரெஞ்சுக்காரர்களே தொடங்கினர். 1749இல் கோட்டை மீண்டும் கம்பெனியின் கைக்கு வந்த பிறகும் இடிப்பு நிற்கவில்லை. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, 1759 பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டது. அந்த முற்றுகைக்குப் பின் எஞ்சியிருந்த வீடுகளும் அகற்றப்பட்டு, கோட்டையைச் சுற்றிப் பீரங்கி சுடுவதற்கு வசதியான வெட்டவெளி உருவாக்கப்பட்டது. இதன் எல்லையைக் குறிக்க 1773இல் நடப்பட்ட தூண்களில் ஒன்று இன்னும் டேர் ஹவுஸ் அருகே நிற்கிறது. அந்தத் தூணுக்குத் தெற்கே எவரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்பதே அதன் பொருள்.

வீடிழந்தவர்கள் வடக்கே நகர்ந்து, ஏற்கெனவே வெளிப்புறப் பேட்டைகளாக வளர்ந்திருந்த முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியமர்ந்தனர். கருப்பர் நகரம் என்ற பெயரும் அவர்களோடு வடக்கே நகர்ந்தது. ஆகவே நாம் இன்று காணும் ஜார்ஜ் டவுன், இருந்த இடத்திலிருந்து அகற்றப்பட்ட ஒரு நகரத்தைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு உருவானது. அதன் கோயில்கள், தேவாலயங்கள், சந்தைகள் பலவற்றுக்கும் இதுவே இரண்டாவது இடம்.

முதல் கருப்பர் நகரத்திலிருந்து எதுவும் எஞ்சவில்லையா?

அன்று ஆங்கிலேயரின் இடுகாடும் கோட்டைக்கு வடக்கே, அந்த நகரத்தின் பக்கத்தில்தான் இருந்தது. முற்றுகையின்போது கல்லறைகளும் எதிரிப் படைக்கு மறைவிடமாயின என்பதால் இடுகாடு அகற்றப்பட்டு, கல்லறைப் பலகைகள் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிலும் பதிக்கப்பட்டன. ஜோசப் ஹின்மர் என்ற கம்பெனி அலுவலரும், 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டும் அடக்கம் செய்யப்பட்ட உயரமான கல்லறைக் கோபுரம் மட்டும் இடிபடாமல் சட்டக் கல்லூரிக் கட்டடத்தின் பக்கத்தில் நின்றுவிட்டது.

அந்த நகரத்தில் வாழ்ந்த நம்மவர் வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இந்த ஊரின் வணிகத்தைச் சுமந்த மக்களின் தெருக்கள் முழுதாக அழிந்துபோக, அங்கு நினைவுச்சின்னமாக நிற்பது ஓர் ஆங்கிலேயக் கல்லறை மட்டுமே என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு நிமித்தம் வருகிறவர்கள் அறிந்துகொள்ள அங்கு ஒரு கல்வெட்டாவது வைக்கப்பட வேண்டும்.

முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்ற இரண்டு பிரிவுகள் ஏன்?

கிழக்கே கடலை நோக்கிய பாதி முத்தியால்பேட்டை; மேற்குப் பாதி பெத்தநாயக்கன்பேட்டை. நகரின் காவல் பொறுப்பைப் பரம்பரையாகப் பெற்றிருந்த பெத்த நாயக்கரின் பெயரைத் தாங்கியது பின்னது. களவு போன பொருளை மீட்டுத் தரவேண்டிய கடமையும், அதற்கு ஈடாகச் சில வரிகளைப் பெற்றுக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இருந்தன.

இந்தப் பிரிவுக்குள் சாதி வரலாறும் பதிந்திருக்கிறது. தமிழ்நாட்டின் பல வட்டாரங்களைப் போலவே இங்கும் வலங்கை, இடங்கை என்ற இரு பெரும் அணிகள் இருந்தன. கோமுட்டிச் செட்டியார், பலிஜர், வேளாளர் முதலியோர் வலங்கையிலும், பேரிச் செட்டியார், கம்மாளர் முதலியோர் இடங்கையிலும் நின்றனர். எந்தத் தெருவில் எவருடைய திருமண ஊர்வலம் போகலாம், எந்தக் கொடியை எவர் பிடிக்கலாம் என்ற வழக்குகள் கைகலப்பாக முற்றின. 1652இலேயே அப்படி ஒரு கலகம் நிகழ்ந்தது. 1707இல் மூண்ட பூசல் இன்னும் கடுமையானது. வலங்கையினர் பலர் ஊரையே விட்டு வெளியேறிச் சாந்தோமுக்குச் சென்றுவிட்டதால் வணிகம் முடங்கியது. அப்போது ஆளுநராக இருந்த தாமஸ் பிட், பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டையின் தெருக்களை இடங்கையினருக்கும் என்று பிரித்து வழக்கை முடித்தார். கம்பெனி இதில் நடுநிலையான நீதிபதியாக மட்டும் இருந்ததாகக் கொள்ள இயலாது. துணி கொள்முதலுக்கான ஒப்பந்தம் எந்த அணியின் வணிகர்களுக்குக் கிடைக்கும் என்பதே இந்தப் பூசல்களின் அடியில் கிடந்த பொருள். அந்த ஒப்பந்தத்தை வழங்கியதோ கம்பெனி.

இன்று அந்த அணிகளின் பெயரைச் சொல்வோர் அங்கு எவரும் இல்லை. ஆனால் கம்மாளர் வழிவந்தோர் போற்றும் காளிகாம்பாள் கோயில் முத்தியால்பேட்டைப் பக்கம் தம்புச் செட்டித் தெருவிலும், கோமுட்டிச் செட்டியாரின் கன்னிகா பரமேசுவரி கோயில் மேற்கே கொத்தவால் சாவடியை ஒட்டியும் இருப்பதைக் கவனித்தால், 300 ஆண்டுகளுக்கு முந்தைய பிரிவினை இன்னும் வரைபடத்தில் இருப்பது தெரியும்.

இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே செல்லும் பிராட்வே எப்படி உண்டானது?

அங்கு முன்பு ஓடையும் சேறும் நிறைந்த பள்ளம்தான் இருந்தது. 1778இல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் போப்பம் என்ற வழக்கறிஞர் அந்த நிலத்தைப் பெற்று, நீரை வடித்து, மேடாக்கிச் சாலை அமைத்தார். அவர் பெயரால் போப்பம்ஸ் பிராட்வே என்று வழங்கிய அந்தச் சாலை, விடுதலைக்குப் பின் ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயரைப் பெற்றுப் பிரகாசம் சாலை ஆயிற்று. பழைய பள்ளத்தின் தாழ்வு இன்னும் முற்றாக மறையவில்லை. பெருமழை பெய்யும் நாள்களில் தண்ணீர் அங்கு தேங்குவதை அந்தச் சாலையில் கடை வைத்திருப்போர் நன்கு அறிவர்.

வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை என்ற பெயரில் உள்ள வரி உண்மையில் வசூலிக்கப்பட்டதா?

1767இல் மைசூர்க் குதிரைப்படை நகரின் புறப்பகுதிகளைச் சூறையாடியது. 1769இல் ஹைதர் அலியே பரங்கிமலை வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்கவைத்தார். இந்த அச்சத்தால் கருப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பப்பட்டது. ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் பால் பென்பீல்ட். மதிலின் செலவைக் குடியிருப்போரிடமிருந்து வரியாக ஈடுகட்டக் கம்பெனி எண்ணியது, மக்கள் எதிர்த்தனர், வரி வசூலாகவில்லை. மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன் அதிகாரப்பூர்வப் பெயர் இப்போது வ.உ.சி. சாலை.

மதிலின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. வாயில்களில் ஒன்றின் நினைவாக யானைகவுனி என்ற பெயர் நிலைத்துவிட்டது. வடக்கு மதிலின் ஒரு துண்டு மட்டும் இப்ராகிம் சாகிப் தெருவில் எஞ்சியிருக்கிறது. அதன் மேலே அமைக்கப்பட்ட பூங்காவை மக்கள் மாடிப் பூங்கா என்கின்றனர்.

இங்கு எந்தெந்தச் சமூகத்தினர் வாழ்ந்தனர், வாழ்கின்றனர்?

தென்னிந்தியாவில் இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை மொழிகள் நெருங்கி வாழ்ந்த இடம் வேறொன்று இருப்பது அரிது. தொடக்கத்திலிருந்தே தமிழும் தெலுங்கும் ஏறக்குறைய சமமாகப் புழங்கின. லிங்கிச் செட்டி, தம்புச் செட்டி, கோவிந்தப்ப நாயக்கன், நைனியப்ப நாயக்கன், தேவராஜ முதலி என்று தெருக்களுக்கு வழங்கும் பெயர்களைப் பார்த்தாலே, கம்பெனிக்குத் துணி சேர்த்துக் கொடுத்த வணிகர்களும், மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த துபாஷிகளும் தங்கள் சாதிப் பெயரோடு இங்கு நிலைபெற்றது விளங்கும்.

அரண்மனைக்காரன் தெரு என்று தமிழில் வழங்கும் ஆர்மீனியன் தெருவின் கதை, முன்பு சொன்ன இடம்பெயர்வோடு பின்னிப் பிணைந்தது. பட்டும் மணிகளும் விற்ற ஆர்மீனியர்களுக்கு 1712இல் கட்டப்பட்ட தேவாலயம் பழைய கருப்பர் நகரத்தில் இருந்தது. 1749க்குப் பின், பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினர் என்ற ஐயத்தின் பேரில் ஆர்மீனியரும் கத்தோலிக்கரும் வெள்ளையர் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆர்மீனியர் தங்கள் இடுகாடு இருந்த நிலத்தில் 1772இல் இன்றைய புனித மரியாள் தேவாலயத்தை எழுப்பினர். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான அஸ்தரார் 1794இல் சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. அதை நடத்திய ஹாருத்யூன் ஷமாவோனியன் பாதிரியாரின் கல்லறை இந்த வளாகத்தில் உள்ளது. கோட்டைக்குள் தேவாலயத்தை இழந்த கப்பூசின் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவியரும் இதே தெருவுக்கு வந்தனர். அவர்கள் வழிவந்த கத்தோலிக்க ஆலயத்தில் உள்ள புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் திரளாக வருகின்றனர். ஆர்மீனியர்களோ இந்நகரில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டனர்.

பவழக்காரத் தெருவில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூத வணிகர்கள் வாழ்ந்தனர். மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டாப் பகுதியின் வைரத்தை வாங்கி அனுப்புவது அவர்களது தொழில். அவர்கள் மறைந்த பின் அதே தெருவில் செட்டிநாட்டு நகரத்தார் பலர் வீடுகளையும் வட்டிக்கடைகளையும் அமைத்தனர். மண்ணடியிலும் அங்கப்ப நாயக்கன் தெருவிலும் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வணிகம் செய்கின்றனர். மசூதி மாமூர் அங்குள்ள பெரிய பள்ளிவாசல்.

மேற்கே சௌகார்பேட்டையில் குஜராத்திகளும் மார்வாடிகளும் குடியேறி, வட்டித் தொழிலிலும் துணி, நகை, பாத்திர வணிகத்திலும் ஊன்றினர். சமணக் கோயில்களும், மாலையில் சாட்டும் ஜிலேபியும் விற்கும் கடைகளும் உள்ள அத்தெருக்களை "வட இந்தியா" என்று சிலர் வேற்றிடம் போலக் குறிப்பிடுவதை நான் ஏற்பதில்லை. பல தலைமுறைகளாக இங்கேயே பிறந்து வாழும் குடும்பங்கள் அவை. கொத்தவால் சாவடித் தெலுங்குக் குடும்பங்களைப் போலவே அவர்களும் இந்த ஊர்க்காரர்களே.

முக்கியமான கோயில்கள் எவை?

பட்டணம் கோயில் என்று போற்றப்படும் சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் இரட்டைக் கோயில்களை முதலில் சொல்லவேண்டும். பழைய கருப்பர் நகரத்தில் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இவை, கோட்டையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி இடிக்கப்பட்டன. கம்பெனி மாற்று நிலம் அளிக்க, ஆளுநர் பிகாட்டின் துபாஷியான மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் பெருமுயற்சியால் 1760களில் பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுந்தன. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் திருமலைக்குச் செல்லும் திருக்குடை ஊர்வலம் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்துதான் புறப்படுகிறது. குடைகள் யானைகவுனியைத் தாண்டும் மாலைப் பொழுதில் தங்கசாலையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் நிற்க இடம் இராது.

ராசப்பச் செட்டித் தெருவின் கந்தகோட்டம், வள்ளலாரால் தமிழ் இலக்கியத்தில் இடம்பெற்றது. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்த இராமலிங்கர், இளமையில் இந்த முருகன் மீதுதான் தெய்வமணிமாலையைப் பாடினார். தங்கசாலை ஏகாம்பரேசுவரர் கோயில் 17ஆம் நூற்றாண்டின் துபாஷியான ஆலங்காத்தா பிள்ளையோடும், அரண்மனைக்காரன் தெருக் கச்சாலீசுவரர் கோயில் 18ஆம் நூற்றாண்டு வணிகரான கலவைச் செட்டியாரோடும் தொடர்புடையவை. காளிகாம்பாளை 1677இல் சத்ரபதி சிவாஜி வழிபட்டார் என்பது கோயில் மரபு.

ஏழுகிணறு என்பது உண்மையிலேயே கிணறுகளா?

ஆம். கோட்டைக்கு நல்ல குடிநீர் இல்லாததால், வடக்கே மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் தோண்டிக் குழாய் வழியே நீர் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கேப்டன் பேக்கர் வகுத்து, 1772இல் நிறைவேற்றினார். சென்னையின் முதல் குழாய்க் குடிநீர்த் திட்டம் அதுவே.

பெயர் எப்போது மாறியது?

பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1906இல் சென்னைக்கு வந்ததை ஒட்டிக் கருப்பர் நகரம் என்ற பெயர் ஜார்ஜ் டவுன் ஆனது. இழிவுதரும் பழைய பெயர் போனது நல்லதே.

எந்தப் பொருளை எந்தத் தெருவில் வாங்கலாம்?

ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்ற வழக்கம் இங்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. துணிக்குக் கோடவுன் தெரு. காகிதம், திருமண அழைப்பிதழ், நாள்காட்டி ஆகியவற்றுக்கு ஆண்டர்சன் தெரு. நாட்டு மருந்துச் சரக்குக்கும் இரசாயனப் பொருள்களுக்கும் நைனியப்ப நாயக்கன் தெரு. இரும்புச் சாமான்களுக்கு மண்ணடி. பூவுக்குப் பத்ரியன் தெரு. இந்த அமைப்பு பழமையின் மேல் உள்ள பற்றால் நீடிக்கவில்லை. ஒரே சரக்கை விற்கும் பல கடைகள் அடுத்தடுத்து இருந்தால் வெளியூர் வியாபாரி ஒரே தெருவில் விலை விசாரித்து முடிக்கலாம். ஒரு கடையில் இல்லாத அளவைக் கடைக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். லாரி அலுவலகமும் சுமை தூக்குவோரும் அந்தச் சரக்குக்குப் பழகியிருப்பார்கள்.

கொத்தவால் சாவடிச் சந்தை ஏன் மூடப்பட்டது?

நகரம் முழுவதற்கும் காய்கறி இங்கிருந்துதான் சென்றது. நள்ளிரவு முதல் லாரிகள் குறுகிய தெருக்களில் அடைபட்டு நின்றன. கழிவுகளை அகற்ற இடமில்லை. 1996இல் மொத்த வணிகம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. நெரிசலைக் கருதும்போது அந்த முடிவு தவிர்க்க முடியாததுதான். என்றாலும், சந்தையை நம்பியிருந்த கூலித் தொழிலாளர்களுக்கும், மிச்சக் காய்களை மலிவாக வாங்கிச் சமைத்த ஏழைக் குடும்பங்களுக்கும் ஏற்பட்ட இழப்பு எந்தக் கணக்கிலும் சேர்க்கப்படவில்லை. காலியான கடைகளில் மளிகையும் பிற சரக்குகளும் வந்து நிறைந்தன.

எதிர்த்திசையில் நடந்த குடியேற்றமும் உண்டு. பர்மாவிலிருந்து அனைத்தையும் இழந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் ராஜாஜி சாலை ஓரமாகப் பர்மா பஜார் உருவாயிற்று. வீடிழந்து வந்தோரை ஏற்றுக்கொள்வது இந்தப் பேட்டைக்குப் புதிதன்று.

பழைய வீடுகள் எப்படி இருக்கும்? அவை காக்கப்படுகின்றனவா?

தெருவை ஒட்டிய திண்ணை, செதுக்கு வேலை கொண்ட கதவு, நடுவே திறந்த முற்றம், மரத்தூண்கள், மேல்தளத்தில் மெட்ராஸ் டெரஸ் என்னும் செங்கல்–சுண்ணாம்புக் கூரை: இதுவே பொதுவான அமைப்பு. முகப்பு குறுகியும் உள்ளே நீண்டும் இருக்கும். கீழ்த்தளம் கடையாகவோ கிடங்காகவோ மாறிய பின் திண்ணைகள் மறைந்தன. முற்றங்கள் தகரக் கூரையால் மூடப்பட்டன.

உயர் நீதிமன்றம், தலைமை அஞ்சலகம், பாரத ஸ்டேட் வங்கி, பச்சையப்பன் மண்டபம் போன்ற பெரிய கட்டடங்களைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அவற்றின் பாதுகாப்பு தேவையானதே. ஆனால் இந்தப் பேட்டையின் உயிர் சாதாரண வீடுகளில்தான் இருந்தது. அவை ஒவ்வொன்றாக இடிந்து, அடுக்குக் கடைகளாக எழுகின்றன. பாகப் பிரிவினையில் பலருக்குச் சொந்தமான வீட்டைப் பழுதுபார்க்க எவரும் முன்வருவதில்லை. விற்றால் கிடைக்கும் தொகையோ பெரிது. உரிமையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழுதுபார்க்க மானியம், சொத்து வரியில் சலுகை, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களுக்குத் தொடர்ந்து பணி ஆகிய மூன்றும் இல்லாமல் வெறும் பட்டியல்களால் ஒரு வீட்டையும் காக்க முடியாது.

கடல் இவ்வளவு தள்ளியிருக்க, ராஜாஜி சாலை எப்படிக் கடற்கரைச் சாலையானது?

துறைமுகம் கட்டப்படும் முன் அலைகள் அந்தச் சாலைக்கு அருகிலேயே வந்து சென்றன. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலா என்னும் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகளே சரக்கையும் பயணிகளையும் கரை சேர்த்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால் பகுதியில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன; அவற்றில் பெரும்பகுதி 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. துறைமுகத்துக்காகக் கடலிலிருந்து மீட்கப்பட்ட நிலம் சாலைக்கும் கடலுக்கும் இடையே விரிந்துவிட்டது.

நேரில் பார்க்க எப்போது, எப்படிச் செல்லலாம்?

2019 முதல் உயர் நீதிமன்றம், மண்ணடி ஆகிய மெட்ரோ நிலையங்கள் இயங்குவதால் வண்டி நிறுத்த இடம் தேடவேண்டியதில்லை. புறநகர் ரயிலில் வருவோர் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கலாம். வணிகத்தைக் காண விரும்பினால் வேலைநாளில் முற்பகல் ஏற்றது. கட்டடங்களின் முகப்பைக் காண விரும்பினால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செல்லுங்கள். டேர் ஹவுஸ் அருகிலுள்ள எல்லைத் தூணில் தொடங்கி, அரண்மனைக்காரன் தெரு, தம்புச் செட்டித் தெரு, பவழக்காரத் தெரு வழியாக மேற்கே திரும்பித் தங்கசாலையை அடைந்து, இப்ராகிம் சாகிப் தெரு மாடிப் பூங்காவில் முடித்தால், இங்கு சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதியை ஒரு காலைப் பொழுதுக்குள் பார்த்துவிடலாம்.